சோலார் வீட்டு ப்ளானில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் ஓர் இளம் இன்ஜினியர், தான் வரைந்த முதல் சோலார் வீட்டு ப்ளானைக் கொண்டுவந்து காட்டினார். மொட்டை மாடியில் பேனல்களை வரிசையாக அடுக்கியிருந்தார். அவற்றுக்கு மிக அருகில் கழிவறையின் காற்றுக் குழாய் ஒன்று நின்றது. அதைக் காட்டிக் கேட்டேன். “நாலு அங்குலக் குழாய்தானே சார், என்ன ஆகிவிடும்?” என்றார். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இதையேதான் சொன்னேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பேனலைத் துடைக்க வேண்டும், தரமில்லாத வயர் வாங்கக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

வீட்டைக் கணக்குப் போடாமல் பேனலைக் கணக்குப் போடுவது

“எத்தனை கிலோவாட் போடலாம்?” என்பதுதான் பலரும் கேட்கும் முதல் கேள்வி. வீடு ஒரு நாளைக்கு எத்தனை யூனிட் இழுக்கும் என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது.

ஒரு சின்னக் கணக்கு. பழைய மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும், பிரஷ் இல்லாத மோட்டார் வைத்த பி.எல்.டி.சி. விசிறி 30 வாட். ஐந்து விசிறிகள் நாளைக்கு 12 மணி நேரம் ஓடினால் மிச்சம் 2.7 யூனிட். அதே 2.7 யூனிட்டை மாடியில் தயாரிக்க வேண்டுமென்றால், நாளைக்கு நாலு மணி நேர முழு வெயில், போகிற வழியில் ஏற்படும் இழப்பு எல்லாம் சேர்த்துப் பார்த்தால், 400 வாட் பேனல் இரண்டு வேண்டும். விசிறியை மாற்றிய வீட்டில் அந்த இரண்டு பேனலும் தேவையில்லை.

ஜன்னலும் அப்படித்தான். கிழக்கு, மேற்குச் சுவர்களில் வெயில் தாழ்வாக வந்து அடிக்கும். மேலே நீட்டிய சன்ஷேடு அதைத் தடுக்காது. அங்கே பெரிய கண்ணாடி வைத்துவிட்டு உள்ளே திரை தொங்கவிடுகிறார்கள். கண்ணாடியைத் தாண்டிய வெயில் அறைக்குள் சூடாகிவிட்டது. திரை அதை வெளியே அனுப்பாது. மறைப்பு கண்ணாடிக்கு வெளியே இருக்க வேண்டும்.

நிழல்

இதை நினைத்தால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் ப்ளான் போட்ட முதல் வீட்டில் பத்து பேனல்கள், எல்லாம் ஒரே ஸ்டிரிங், அதாவது ஒன்றோடொன்று தொடராக இணைத்தவை. கோடையில் மாட்டினோம். சூரியன் உச்சியில் இருந்தது. காற்றுக் குழாயின் நிழல் அதன் காலடியிலேயே கிடந்தது. நான் மாடியைப் பார்த்தது அந்த ஒரு நாள்தான். ஆறு மாதம் கழித்து வீட்டுக்காரர் அழைத்தார். மூன்று மணிக்கு மேல் உற்பத்தி திடீரென்று விழுகிறது என்றார். பேனலின் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டரைச் சந்தேகப்பட்டேன். மாற்றினோம், அவர் பணத்தில். ஒன்றும் மாறவில்லை.

பிறகு ஒரு நாள் மதியம் மூன்று மணிக்கு மாடியில் போய் நின்றேன். உள்ளங்கை அகல நிழல் ஒன்று இரண்டு பேனல்களின் மேல் சாய்வாகக் கிடந்தது. பேனலில் சிறு கட்டங்களாகத் தெரிபவைதான் செல்கள். அந்த நிழல் ஒரு செல் வரிசையிலிருந்து அடுத்ததற்கு ஊரும்போதெல்லாம் இன்வெர்ட்டர் திரையில் வாட் எண் படியிறங்கியது. அரை மணி நேரம் அங்கேயே நின்று பார்த்தேன்.

காரணம் இதுதான். பேனலுக்குள் செல்கள் தொடராக இணைக்கப்பட்டிருக்கின்றன. ஆட்கள் வரிசையாக நின்று செங்கல் கைமாற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் ஒருவர் நிதானித்தால் வரிசை முழுக்க நிதானிக்கும். இதைச் சமாளிக்கத்தான் சாதாரணப் பேனலை மூன்று பகுதியாகப் பிரித்து, பகுதிக்கு ஒன்றாக மூன்று பைபாஸ் டயோடுகள் வைத்திருக்கிறார்கள். நிழல் விழுந்த பகுதியை அவை ஒதுக்கிவிட்டு மற்றதை ஓடவிடும். அதாவது ஒரே ஒரு செல் முழுதாக மறைந்தாலும் பேனலில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். நிழல் மூன்று பகுதியையும் குறுக்கே வெட்டினால் அந்தப் பேனலே இல்லாத மாதிரிதான். என் குழாய் அந்த வேலையைத்தான் இரண்டு பேனல்களில் செய்துகொண்டிருந்தது.

பேனலை நிற்கவைத்து மாட்டுவதா, படுக்கவைத்து மாட்டுவதா என்பதும் இதில் சேர்த்தி. கைப்பிடிச் சுவரின் நிழல் கீழ் விளிம்பில் மட்டும் விழுகிறது என்று வைத்துக்கொள்வோம். பழைய வகை 60 செல் பேனல் நின்றிருந்தால் அந்த நிழல் மூன்று பகுதியையும் தொடும். படுத்திருந்தால் ஒரு பகுதியோடு போய்விடும். இப்போது வரும் அரைச்செல் பேனல்கள் மேல் பாதி, கீழ் பாதி என்று பிரிந்தவை என்பதால், நின்றிருந்தாலும் மேல் பாதி ஓடும்.

சரி, நிழலை எப்படிக் கணக்கிடுவது? சூரியன் 45 பாகை உயரத்தில் இருந்தால் நிழலின் நீளம் பொருளின் உயரத்துக்குச் சமம். 30 பாகையில் 1.7 மடங்கு, 20 பாகையில் 2.7 மடங்கு. வட அரைக்கோளத்தில் டிசம்பர் 21-ஐ ஒட்டிச் சூரியன் மிகத் தாழ்வாகப் போகும். அன்று காலை ஒன்பது முதல் மதியம் மூன்று வரை நிழல் எங்கே விழுகிறது என்று ப்ளானிலேயே வரைந்து பாருங்கள். அப்புறம், பலர் மறக்கும் இன்னொன்று. கடக ரேகைக்குத் தெற்கே உள்ள வெப்பமண்டல ஊர்களில் ஜூன் 21-ஐ ஒட்டிச் சூரியன் நடுப்பகலில் வடக்குப் பக்கம் போய்விடும். அப்போது வடக்கே நிற்கும் தொட்டியின் நிழல் தெற்கே விழும். “வடக்கில்தானே இருக்கிறது” என்று விட்ட தொட்டி அந்த மாதங்களில் பேனலை மறைக்கும். இரண்டு தேதிக்கும் பாருங்கள்.

பேனலுக்குப் பேனல் மாட்டும் ஆப்டிமைசர் என்ற சிறு கருவியைப் போட்டால் சரியாகிவிடும் என்பார்கள். நிழல் விழுந்த பேனல் மற்றவற்றை இழுக்காமல் அது காப்பாற்றும், உண்மைதான். விழாத வெளிச்சத்தை அது கொண்டுவராது. தவிர்க்க முடியாத நிழலுக்கு அது நல்ல மருந்து. தவிர்க்கக்கூடிய நிழலுக்கு வீண் செலவு. காற்றுக் குழாயைக் காகிதத்தில் இரண்டு மீட்டர் தள்ளி வரைய ஒரு நிமிடம் போதும். கட்டி முடித்த வீட்டில் அதையே தள்ள, சுவரை உடைக்க வேண்டியிருந்தது.

பேனலில் அச்சடித்த வாட்டை அப்படியே நம்புவது

அந்த எண் செல்லின் வெப்பம் 25 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது அளந்தது. நல்ல வெயிலில் செல் 60 டிகிரியைத் தாண்டும். 25-க்கு மேல் கூடும் ஒவ்வொரு டிகிரிக்கும் வாட் சுமார் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். பேனலைக் கூரையோடு ஒட்டிப் படுக்க வைக்காமல் அடியில் காற்று புக இடம் விடுங்கள்.

மின்வெட்டிலும் சோலார் ஓடும் என்று நினைப்பது

பேட்டரி இல்லாமல் தெரு மின்சார லைனோடு இணைத்த சாதாரண இன்வெர்ட்டர், லைன் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவர் மேல் மின்சாரம் பாயக் கூடாது என்பதற்காகவே அப்படி வைத்திருக்கிறார்கள். மின்வெட்டிலும் விளக்கு எரிய வேண்டுமென்றால் பேட்டரியும், லைன், பேட்டரி இரண்டோடும் வேலை செய்யும் ஹைபிரிட் இன்வெர்ட்டரும் முதலிலேயே ப்ளானில் வர வேண்டும். எந்தெந்த லோடு பேட்டரியில் ஓட வேண்டும் என்று முடிவெடுத்து, அவற்றுக்குத் தனி வயரிங் கேளுங்கள். பூச்சு முடிந்த பிறகு கேட்காதீர்கள்.

தண்ணீர் மோட்டாரைச் சாதாரண லோடாக எண்ணுவது

நேரடியாக ஸ்டார்ட் ஆகும் மோட்டார், ஓடும்போது இழுப்பதைப் போல ஐந்தாறு மடங்கு கரண்டை ஸ்டார்ட் ஆகும் நொடியில் இழுக்கும். மோட்டாரை பேட்டரியில் ஓட்டுவதென்றால், அந்த நொடியை இன்வெர்ட்டர் தாங்குமா என்று பாருங்கள்.

காற்றில்லாத மாடிப்படி இடுக்கில் இன்வெர்ட்டர்

வேண்டாம்.

தளத்தைப் பிறகு துளைப்பது

பேனல் 25 வருடம் மேலே இருக்கப் போகிறது. ஸ்டாண்டு நிற்கும் பீடங்களைத் தளம் போடும்போதே கட்டிவிடுங்கள். நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு பீடத்தின் மேலும் ஏறி முடிய வேண்டும்.