ஆல்பம் விமர்சனம் எழுத உட்காரும் முன்

"பீட் செம, குரல் சூப்பர்" என்று எழுதினால் உங்களுக்குப் பிடித்திருக்கிறது என்பது மட்டும்தான் விளங்கும். ஆல்பத்தில் என்ன இருக்கிறது என்பது விளங்காது. அதைச் சொல்ல வேண்டுமென்றால் ராக், எலெக்ட்ரானிக், மேற்கத்திய கிளாசிக்கல் மூன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்கக் கூடாது.

முதலில் கேட்கிற ஏற்பாட்டைச் சரி பண்ணுங்கள். நம் இலங்கை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை பக்கம் ஒரு வளைவில் இருக்கும் சிக்னல் அடுத்த வளைவில் இருக்காது. ஆப்பில் தரம் 'ஆட்டோ' என்று கிடந்தால் சிக்னல் குறையக் குறைய அதுவும் ஒலியின் தரத்தைக் குறைத்துக்கொண்டே போகும், டிரம்ஸின் சிம்பல் தட்டுச் சத்தம் கொழகொழவென்று வரும், நீங்களும் அதை ஆல்பத்தின் குறை என்று எழுதிவைப்பீர்கள். உயர்ந்த தரத்தில் டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். ஷஃபிள் (வரிசையைக் கலைப்பது), கிராஸ்ஃபேட் (ஒரு பாட்டின் முடிவை அடுத்ததோடு கலப்பது), ஈக்வலைசர் (ஒலியைக் கூட்டிக் குறைத்து மாற்றுவது) மூன்றையும் நிறுத்துங்கள். முதல் தடவை பேனா வேண்டாம், சும்மா கேளுங்கள். அடுத்த தடவை நேரத்தோடு குறியுங்கள்: "3:12, கிட்டார் நின்றது, பேஸ் மட்டும்." இப்படிப் பத்து வரி இருந்தால் பாதி விமர்சனம் முடிந்த மாதிரி.

ராக் என்றால் பாட்டுகளின் வரிசையைப் பாருங்கள். பிங்க் ஃபிளாய்ட் குழுவின் 'தி டார்க் சைட் ஆஃப் தி மூன்' (1973) ஆல்பத்தில் ஒரு பாட்டு எங்கே முடிந்தது என்று தெரியாமலே அடுத்தது தொடங்கிவிடும், அந்த இணைப்புகளைப் பற்றிப் பேசாமல் அதை விமர்சிக்கவே முடியாது. இன்னொன்று சத்தம். மெட்டாலிகா குழுவின் 'டெத் மேக்னடிக்' (2008) சிடி சத்தத்தைக் கூட்டிக் கூட்டி ஒலியே சிதைந்துவிட்டது என்று ரசிகர்களே சண்டை பிடித்தார்கள். 'கிட்டார் ஹீரோ' என்ற வீடியோ விளையாட்டில் வந்த அதே பாட்டுகள் அதைவிடத் தெளிவாக இருந்தன. சத்தம் கூடினால் காது அதை நல்லது என்று நம்பிவிடும், அதனால் இரண்டு ஆல்பங்களை ஒப்பிடும்போது வால்யூமை ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டு ஒப்பிடுங்கள்.

எலெக்ட்ரானிக்கில்தான் நம் ஆட்கள் "ஒரே மாதிரிப் போகுதே" என்று பாதியில் நிறுத்திவிடுவார்கள். கிராஃப்ட்வெர்க் குழுவின் 'ஆட்டோபான்' (1974) தலைப்புப் பாட்டு 22 நிமிடத்துக்கு மேல் ஓடி இசைத்தட்டின் ஒரு பக்கத்தையே பிடித்துக்கொள்ளும். அங்கே மெட்டை மட்டும் தேடாதீர்கள், ஒலி எப்படி மாறுகிறது, எந்த அடுக்கு எப்போது உள்ளே வந்து எப்போது கழன்றது என்று பாருங்கள். தீயில் காய்ச்சிய தப்புப் பறைக்கும் காய்ச்சாத தப்புக்கும் சத்தத்தில் உள்ள வித்தியாசம் தேயிலைத் தோட்டத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அதே காது போதும். போன் ஸ்பீக்கர் மட்டும் வேண்டாம், பேஸ் என்கிற கனத்த அடிச்சத்தம் அதில் வரவே வராது.

கிளாசிக்கலில் இசை ஏற்கெனவே எழுதி முடித்தது. இசையமைப்பாளர் பாக் நல்லவரா கெட்டவரா என்று நீங்கள் தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை, விமர்சனம் வாசிப்புக்கும் ஒலிப்பதிவுக்கும்தான். அதனால் ஒரு பதிவை மட்டும் கேட்டுவிட்டு எழுதாதீர்கள். பியானோ கலைஞர் கிளென் கூல்ட், பாக்கின் 'கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ்' படைப்பை 1955இலும் 1981இலும் பதிவு செய்தார். முதலாவது சுமார் 38 நிமிடம், மற்றது சுமார் 51. தொடக்கத்தில் வரும் 'ஆரியா' என்ற மெட்டு முதல் பதிவில் இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது, பிந்தியதில் மூன்றைத் தாண்டுகிறது. வேகம் மட்டும் காரணமில்லை, முன்பு திருப்பி வாசிக்காமல் விட்ட பகுதிகளில் சிலவற்றைப் பிறகு திருப்பி வாசித்தார். கூடவே அவர் முனகுவதும் கேட்கும், அது தொந்தரவா ரசனையா என்பது உங்கள் தீர்ப்பு.

லயத்துக் காம்பராவில் (தோட்டத்து வரிசை வீட்டு அறையில்) தகரத்தின் மேல் மழை கொட்டும்போது மட்டும் கிளாசிக்கலைக் கேட்காதீர்கள். மெல்லிய இடமெல்லாம் மழைக்குள் போய்விடும், வால்யூமைக் கூட்டினால் அடுத்த உரத்த இடத்தில் காது கிழியும்.

எழுதும்போது மூன்றுக்கும் ஒரே அளவுகோலில் மார்க் போடாதீர்கள், பாக்குக்கு எட்டு, மெட்டாலிகாவுக்கு ஏழு என்றால் யாருக்கு என்ன விளங்கும்? அதற்குப் பதிலாக எந்தப் பாட்டில் தொடங்கலாம் என்று ஒன்றைச் சொல்லுங்கள், டேட்டா செலவழித்துக் கேட்கப்போகிறவருக்கு அதுதான் தேவை.