பழைய கிரேக்க வெள்ளிக்காசு எத்தனை அடிச்சிருப்பாங்க? அச்சை எண்ணி கணக்கு போடற விதம்

இன்னைக்கு மியூசியத்துல இருக்கற காசை எண்ணி அன்னைக்கு எத்தனை அடிச்சாங்கன்னு சொல்லவே முடியாது, பெரும்பாலானதை உருக்கி வேற ஏதாவது பண்ணிட்டாங்க. ஆனா எத்தனை அச்சு (காசுல உருவத்தைப் பதிக்கற உலோகக் கட்டை) செதுக்கினாங்கன்னு ஓரளவு கண்டுபிடிக்கலாம், ஏன்னா ஒவ்வொரு அச்சும் கையால செதுக்கினது, ரெண்டு அச்சு அச்சு அசலா ஒண்ணா இருக்காது. கீழ் அச்சு அடிகல்லுல பதிஞ்சிருக்கும், அதுதான் முன்பக்கம். மேல் அச்சை கையில பிடிச்சு சுத்தியலால நேரா அடிப்பாங்க, அதனால அது சீக்கிரம் தேஞ்சு போயிடும். கணக்கு எப்பவும் முன்பக்க அச்சை வச்சுதான், பின்பக்கம் கூட இருந்தா நல்லது.

முதல்ல எந்தக் காசுன்னு முடிவு பண்ணுங்க

எல்லாரும் ஆசைப்படறது கி.மு. 5-ஆம் நூற்றாண்டு ஏதென்ஸ் ஆந்தைக் காசு. வேண்டாம். அச்சு எக்கச்சக்கம், பாதி காசுல முன்பக்கத்து தேவதை அதீனாவோட தலைக்கவசக் கொண்டை வெளிய போயிருக்கும், பைத்தியம் பிடிச்சுரும். நான் சொல்றது அதே ஏதென்ஸோட 'புது பாணி' டெட்ராட்ராக்ம் (நாலு டிராக்மா மதிப்புள்ள வெள்ளிக்காசு), கி.மு. 2-ஆம் நூற்றாண்டுல ஆரம்பிச்சது. பின்பக்கம் ஆந்தை ஒரு ஜாடி மேல நிக்கும், பக்கத்துல அதிகாரிகள் பேரு, ஜாடி மேல மாசத்தைக் குறிக்கற கிரேக்க எழுத்து. அதாவது வருஷம் மாசம் எல்லாம் அவங்களே பிரிச்சு கொடுத்துட்டாங்க. ஒரே ஒரு வருஷத்து காசை மட்டும் எடுத்துக்கங்க, போதும்.

இன்னொரு காரணமும் இருக்கு. நாணய ஆராய்ச்சியாளர் மார்கரெட் தாம்சன் 1961-லயே இந்த வரிசை முழுக்க அச்சு பிரிச்சு வெளியிட்டாங்க. நீங்க சொந்தமா பிரிச்சு முடிச்சதும் விடையைப் பாத்து சரிபார்க்கலாம். (அவங்க இந்தக் காசு கி.மு. 196-ல ஆரம்பிச்சதுன்னு சொன்னாங்க, பிற்பாடு வந்தவங்க அதை ஏறக்குறைய 30 வருஷம் பிந்தின காலத்துக்கு தள்ளிட்டாங்க. ஆனா அச்சு பட்டியலை இன்னும் எல்லாரும் அதுலேர்ந்துதான் எடுக்கறாங்க.)

படம் சேக்கறது

நியூயார்க் அமெரிக்கன் நியூமிஸ்மாட்டிக் சொசைட்டியோட மாண்டிஸ் டேட்டாபேஸ், பிரிட்டிஷ் மியூசியம், பெர்லின் நாணயக்கூடம், அப்புறம் ஏல கம்பெனிகளோட பழைய பட்டியல். ஒவ்வொரு படத்துக்கும் எக்செல்ல ஒரு வரி: எங்க இருக்கு, எடை, மாச எழுத்து, புதையல்ல கிடைச்சதா. இதுக்குன்னு தனி சாஃப்ட்வேர் எல்லாம் தேவையே இல்ல.

இங்க ஒரு பொறி இருக்கு. ஒரே காசு இன்னைக்கு ஒரு ஏலத்துல வரும், அஞ்சு வருஷம் கழிச்சு வேற ஏலத்துல வரும், வேற போட்டோ, வேற வெளிச்சம். ரெண்டையும் சேத்துட்டா மொத்த எண்ணிக்கை பொய்யா ஏறிடும், ஒரே ஒரு காசு மட்டும் தெரிஞ்ச அச்சுக்கு ரெண்டு காசு இருக்கற மாதிரி ஆயிடும், கணக்கே கவுந்துரும். இதுல பாக்க வேண்டியது காசோட ஓரம். உருவம் அச்சுலேர்ந்து வருது, ஓரத்து வடிவமும் வெடிப்பும் அந்தந்த வெள்ளி வில்லையோடது. உருவம் மட்டும் பொருந்தினா ஒரே அச்சு, ஓரமும் பொருந்தினா ஒரே காசு. எடை துணைக்குத்தான், சுத்தம் பண்ணினா கொஞ்சம் குறையும்.

அப்புறம், ரெண்டு காசுல அரிச்ச குழிகூட அதே இடத்துல இருந்தா வார்ப்புப் போலின்னு சந்தேகப்படுங்க, ஓரமா எடுத்து வைங்க.

அச்சு பொருத்தறது (நேரம் எல்லாம் இதுலதான் போகும்)

'முகம் ஒரே மாதிரி இருக்கு'ன்னு பாத்தா தோத்தீங்க. ஒரே கொல்லன் பத்து அச்சு செதுக்கினா பத்தும் ஒரே முகமாத்தான் இருக்கும். பாக்க வேண்டியது ரெண்டு புள்ளிக்கு நடுவுல இருக்கற தூரமும் கோணமும். புது பாணி காசுல அதீனா தலைக்கவசத்துல றெக்கை வச்ச குதிரை பெகாசஸ் இருக்கும், அதுக்கு முன்னாடி நெத்திப்பட்டைக்கு மேல வரிசையா குட்டி குதிரைத் தலைங்க. பெகாசஸ் றெக்கை நுனி, முதல் குதிரையோட மூக்கு, காதணியோட அடிப்புள்ளி, கழுத்துல விழற முடிச்சுருள். இந்த நாலு போதும்.

ஜிம்ப்னு படம் திருத்தற சாஃப்ட்வேர் இலவசம், அதுல ரெண்டு படத்தையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சு மேல் படத்தை பாதி ஒளிபுகற மாதிரி ஆக்குங்க. றெக்கை நுனியையும் காதணியையும் மட்டும் பொருத்துங்க, மத்த ரெண்டும் தானா வந்து உக்காந்தா ஒரே அச்சு. உக்காரலையா, உடனே வேற அச்சுன்னு எழுதிடாதீங்க, விலகல் எந்தப் பக்கம்னு பாருங்க. ஒரு ஓரத்தை நோக்கி சீரா கூடிக்கிட்டே போனா அது கேமரா சாய்ஞ்ச கோளாறு. ஒரு புள்ளி இடதுபக்கம், இன்னொண்ணு மேல்பக்கம்னு தாறுமாறா விலகினா வேற அச்சு. வெளிச்சம் வேற பக்கத்துலேர்ந்து விழுந்தாலும் கோடு தடியா மெலிசா மாறும், அதான் முந்தின தலைமுறை ஆராய்ச்சியாளருங்க பிளாஸ்டர் வார்ப்பு எடுத்து ஒரே விளக்குல வச்சு பாத்தாங்க.

அச்சுல விரிசல் விட்டா காசுல மேடான கோடா தெரியும். விரிசல் வளரும், குறையாது, அதனால விரிசல் இல்லாத காசு முந்தி அடிச்சது. விரிசல் இருக்கேன்னு புது அச்சா எண்ணிடாதீங்க. பின்பக்கத்துல இதைவிட மோசம், மாசம் மாறினதும் பழைய எழுத்து மேலயே புது எழுத்தை செதுக்கி அதே அச்சை ஓட்டியிருப்பாங்க. எழுத்து வேற, அச்சு ஒண்ணு.

தானா பொருத்தித் தர கம்ப்யூட்டர் புரோகிராம் இப்ப வந்திருக்கு. முதல் கட்டமா அச்சுவாரியா குவியல் பிரிக்க நல்லா இருக்கு, முடிவு உங்க கண்ணுதான் சொல்லணும். என்னைக் கேட்டா படத்தை எல்லாம் ஒரே அளவுல பிரிண்ட் எடுத்து தரையில பரப்பறதுக்கு ஈடே இல்ல. அச்சுக்கு நம்பரை கடைசியில போடுங்க, நடுவுல ரெண்டு குவியல் ஒண்ணா சேரும், அப்ப நம்பர் எல்லாம் மாத்த வேண்டி வரும்.

கணக்கு

உதாரணத்துக்கு, 120 காசு, 40 முன்பக்க அச்சு, அதுல 12 அச்சுக்கு ஒரே ஒரு காசுதான் இருக்குன்னு வைங்க.

முதல்ல நம்ம கையில எவ்வளவு தூரம் பிடிபட்டிருக்குன்னு பாக்கணும்: 1 − (12 ÷ 120) = 0.9. அதாவது அன்னைக்கு அடிச்ச காசுல சுமார் 90 சதவீதம் நமக்குத் தெரிஞ்ச அச்சுலேர்ந்து வந்தது. 90 சதவீத அச்சு தெரிஞ்சாச்சுன்னு அர்த்தம் இல்ல, தெரியாம இருக்கறதெல்லாம் பெரும்பாலும் சீக்கிரம் உடைஞ்ச, கொஞ்சமா அடிச்ச அச்சுங்க.

மொத்த அச்சுக்கு கணித ஆய்வாளர் வாரன் எஸ்டி சொன்ன சுலபமான வழி: காசையும் அச்சையும் பெருக்கி, காசு கழித்தல் அச்சால வகுங்க. 120 × 40 ÷ 80 = 60. தெரிஞ்சது 40, தெரியாதது இன்னும் 20 இருக்கலாம். அவரோட இன்னொரு வாய்ப்பாட்டுல இதே எண்ணுக்கு 51 வரும், அதனால 50-லேர்ந்து 60-ன்னு எழுதறதுதான் நேர்மை.

அச்சுலேர்ந்து காசுக்கு

இங்கதான் அடிதடி. ஒரு முன்பக்க அச்சுக்கு 20,000 காசுன்னு வச்சுக்கறது வழக்கம், நாணய ஆராய்ச்சியாளர் பிரான்சுவா த கலதாய் இந்த அளவை வச்சுதான் நிறைய கணக்கு போட்டார். கிரேக்கக் கோயில் ஊரான டெல்ஃபியில கி.மு. 4-ஆம் நூற்றாண்டு கல்வெட்டுக் கணக்குல காசு அடிக்கக் கொடுத்த வெள்ளியோட அளவு இருக்கு, அதையும் அச்சையும் ஒப்பிட்டுப் பாத்தது ஒரு பெரிய ஆதாரம். இன்னொரு நாணய ஆராய்ச்சியாளர் டி.வி. பட்ரி 1993, 1994-ல இதெல்லாம் வெறும் கற்பனை, முடியவே முடியாதுன்னு எழுதினார், கலதாய் 1995-ல பதில் கொடுத்தார். நம்ம உதாரணத்துல 60 × 20,000 = 12 லட்சம் டெட்ராட்ராக்ம், 1,500-க்கு ஒரு டாலன்ட் (கிரேக்க எடை அளவு)னா 800 டாலன்ட், கிட்டத்தட்ட 20 டன் வெள்ளி. 10,000-ன்னு வச்சா அதுல பாதி. எனக்கு பட்ரி சொல்றது ரொம்ப கறார், ஆனா அவர் கேள்வி சரியானது. அதனால ரெண்டு வருஷத்து அச்சு எண்ணிக்கையை ஒப்பிடுங்க, டன் கணக்கை அடிக்குறிப்புல போடுங்க.

பிற்சேர்க்கை

சிலர் 30 காசு 28 அச்சு வச்சுக்கிட்டு வாய்ப்பாட்டுல போட்டா 420 வருதேன்னு கேட்டிருந்தாங்க. வரும். ஆனா அர்த்தமே இல்ல, அதே 30 காசுல 29 அச்சுன்னா 870-க்கு தாவிடும். ஒரு அச்சுக்கு சராசரி மூணு காசாவது சேரற வரைக்கும் கணக்குப் பக்கம் போகாதீங்க.

தேஞ்சு போய் அச்சு தெரியாத காசை என்ன பண்றது? மொத்த எண்ணிக்கையிலேர்ந்தே எடுத்துருங்க. ஒரே புதையல்லேர்ந்து நிறைய காசு வந்திருந்தா அதை சேத்து ஒரு தடவை, விட்டுட்டு ஒரு தடவை கணக்கு போடுங்க, ஏன்னா காசுச்சாலையிலேர்ந்து பையோட வந்து அப்படியே புதைஞ்சதா இருந்தா சில அச்சு மட்டும் அளவுக்கு மீறி இருக்கும். ரெண்டு விடையும் ரொம்ப தள்ளிப் போச்சுன்னா புதையல் இல்லாததை நம்புங்க.