மார்க்டவுன்: வெறும் உரையை ஒழுங்குபடுத்தும் முறை

ஜான் குரூபர் 2004இல் வெளியிட்ட மார்க்டவுன், விசைப்பலகையில் ஏற்கெனவே இருக்கும் சில குறிகளைக் கொண்டே தலைப்பு, பட்டியல், தடித்த எழுத்து முதலியவற்றை உணர்த்தும் முறையாகும். இவ்வாறு எழுதிய கோப்பை ஒரு கருவி, இணையப் பக்கங்களுக்கான எச்டிஎம்எல் வடிவுக்கு மாற்றித் தரும். மாற்றாமல் நோட்பேடில் அப்படியே திறந்தாலும் தடையின்றிப் படிக்க முடிவதே இதன் பெருஞ்சிறப்பு என்பேன்.

குறிகளைக் கற்பதற்கு முன், வெற்று வரியைப் பயன்படுத்தப் பழகிக்கொள்ளுங்கள். என்டர் விசையை ஒருமுறை மட்டும் தட்டினால் பத்தி பிரியாது. இரண்டு வரிகளும் ஒன்றாகச் சேர்ந்துவிடும். பத்தி பிரிய வேண்டுமானால் இடையில் ஒரு வரியைக் காலியாக விட வேண்டும். ஒரே பத்திக்குள் வரியை மட்டும் முறிக்க, முதல் வரியின் இறுதியில் இரண்டு இடைவெளிகளை விடுங்கள்.

அடுத்து, தலைப்புக்கு ஹாஷ் குறியையும் பட்டியலுக்குச் சிறுகோட்டையும் இடுங்கள்.

```
## கூட்டக் குறிப்பு

- வரவு செலவு
- அடுத்த பணிகள்
```

ஒரு ஹாஷ் முதன்மைத் தலைப்பைக் குறிக்கும். ஆறு வரை இட்டு உட்தலைப்புகளை அமைக்கலாம். குறிக்கும் சொல்லுக்கும் நடுவே இடைவெளி விடாவிட்டால், பல கருவிகள் அதைத் தலைப்பாகவே கொள்ளாமல் குறியோடு சேர்த்து அச்சிட்டுவிடும்.

சாய்வெழுத்துக்குச் சொல்லின் இருபுறமும் ஒவ்வொரு நட்சத்திரக் குறியும், தடித்த எழுத்துக்கு இரண்டிரண்டும் போதும். இங்கே குறி சொல்லை ஒட்டியே நிற்க வேண்டும். கீழ்க்கோட்டையும் பயன்படுத்தலாம் என்றாலும், தமிழில் எழுதுவோர் அதைத் தவிர்ப்பதே நல்லது. நம் சொற்களோடு வேற்றுமை உருபுகள் ஒட்டி வருவதும், சொல்லின் நடுவில் வரும் கீழ்க்கோட்டைப் பெரும்பாலான கருவிகள் குறியாக ஏற்காததும் இதற்குக் காரணம்.

```
__விதி__யை
**விதி**யை
**"விதி"**யை
"**விதி**"யை
```

இவற்றுள் இரண்டாவதும் நான்காவதும் மட்டுமே தடித்துத் தோன்றும். மூன்றாவதில் முடிவுக்குறிக்கு முன்னால் மேற்கோள் குறியும் பின்னால் எழுத்தும் இருப்பதால், காமன்மார்க் என்னும் மார்க்டவுன் தர வரையறையின் விதிகளின்படி அது முடிவுக்குறியாகக் கொள்ளப்படுவதில்லை. ஆகவே, மேற்கோள் குறிகளுக்கு உள்ளே நட்சத்திரங்களை வைப்பதே பாதுகாப்பானது.

இணைப்புக்கு, தோன்ற வேண்டிய சொல்லைச் சதுர அடைப்பிலும் முகவரியை அதை ஒட்டிய பிறை அடைப்பிலும் எழுதுங்கள். அதன் முன் வியப்புக்குறி சேர்த்தால் படமாகிவிடும். அப்போது சதுர அடைப்பில் படத்தின் விவரிப்பை எழுதுங்கள். பார்வையற்றோருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டுவது அந்த விவரிப்பையே என்பதால், தயவுசெய்து அதைக் காலியாக விடாதீர்கள்.

குறியாகக் கொள்ளப்படாமல் ஓர் எழுத்து அப்படியே தோன்ற வேண்டுமானால், அதற்கு முன் பின்சாய்கோடு இடுங்கள். பத்தியின் தொடக்கத்தில் ஆண்டும் முற்றுப்புள்ளியும் இடைவெளியும் அடுத்தடுத்து வந்தால் அது எண் பட்டியலாக மாறிவிடும் என்பதால், அங்கே இவ்வாறு எழுத வேண்டும்:

```
2004\. மார்க்டவுன் வெளியான ஆண்டு.
```