மூளையில் புது நியூரான்: செய்தியைப் படிக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பினாங்கு தண்ணீர்மலையில் காலை நடை முடித்துத் தேநீருக்கு உட்கார்ந்தோம். அத்தை கைப்பையிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்து மேசையில் வைத்தார். விலை 180 வெள்ளி. "மூளையில புது நியூரான் முளைக்குமாம்பா, புலனத்துல வந்துச்சு. ஒரு நாளைக்கு 700!" மாமாவுக்கு மறதி தொடங்கி ஓராண்டாகிறது. அந்த நம்பிக்கையைக் காசாக்குகிறார்களே என்று வயிறு எரிந்தது.

நாளைக்கு 700 நியூரான், அதாவது நரம்புச் செல், என்ற அந்தக் கணக்கு பொய்யில்லை. மூளை முழுக்க என்று படிப்பதுதான் தவறு. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் திறந்தவெளியில் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் ஏறியது. 1963 தடை ஒப்பந்தத்துக்குப் பிறகு படிப்படியாக இறங்கியது. சோறு, காய் வழியாக அது நம் உடம்புக்குள்ளும் வருகிறது. ஒரு செல் பிறக்கும்போது அப்போதைய அளவு அதன் டிஎன்ஏவில் பதிந்துவிடும். சுவீடனில் யோனாஸ் ஃப்ரீசன் குழு இறந்தவர்களின் ஹிப்போகாம்பசில் (மூளையின் இரு பக்கமும் உள்ள, நினைவுக்கு முக்கியமான பகுதி) இந்த முத்திரையை அளந்து, ஒரு பக்கத்துக்கு நாளொன்றுக்குச் சுமார் 700 என்று 2013இல் கணக்குச் சொன்னது. அதே முறையில் மூளையின் வெளி அடுக்கான பெருமூளைப் புறணியை அளந்தபோது, அங்குள்ள நியூரான்களுக்கு அந்த மனிதரின் வயதேதான். மாத்திரை எதையும் அந்த ஆய்வு சோதிக்கவில்லை.

எலியில் கண்டதை மனிதருக்குச் சொல்வது இன்னொரு தவறு. சக்கரத்தில் ஓடிய சுண்டெலிகளுக்குப் புது நியூரான் கூடியது உண்மை. உயிரோடிருக்கும் மனிதரிடம் அதை எண்ண வழியில்லை. ஸ்கேனில் ஹிப்போகாம்பஸ் சற்றுப் பெருத்தாலும் அதற்கு வேறு காரணம் இருக்கலாம்.

'தென்படவில்லை' என்பதை 'இல்லவே இல்லை' என்று படிப்பதும் தவறுதான். 2018இல் ஒரு குழு பெரியவர்களின் மூளையில் இளம் நியூரான் தென்படவில்லை என்றது. சில வாரங்களில் இன்னொரு குழு 79 வயது வரை கண்டதாகச் சொன்னது. மறு ஆண்டு மாட்ரிட் ஆய்வாளர்கள் ஒரு முக்கியமான விஷயத்தைக் காட்டினார்கள்: திசு, அதைப் பதப்படுத்தும் ஃபார்மலின் கரைசலில் கூடுதல் நேரம் ஊறினால், இளம் நியூரானைக் காட்டிக்கொடுக்கும் டபுள்கார்ட்டின் புரதத்தின் சாயம் மங்கிவிடுகிறது. அதே சமயம், அந்தப் புரதம் ஒன்றை மட்டும் வைத்து 'இருக்கிறது' என்று அடித்துச் சொல்லவும் முடியாது. 2025இல் ஃப்ரீசன் குழு, நியூரானாக மாறக்கூடிய, பெருகிக்கொண்டிருக்கும் முன்னோடிச் செல்களையே பெரியவர்களிடம் கண்டது. சிலரிடம் நிறைய, சிலரிடம் ஏறக்குறைய எதுவுமில்லை.

அத்தையிடம் இதையெல்லாம் சொன்னேன். டப்பாவைப் பைக்குள் வைத்துக்கொண்டு, "அப்ப டாக்டர்கிட்ட காட்டிட்டே கேக்குறேன். நாளைக்கு மாமாவையும் நடக்கக் கூட்டிட்டு வரட்டா?" என்றார். ஆறரைக்கு வாசலில் நிற்பதாகச் சொன்னேன்.