பழைய காருக்குப் புது டயர், புது சஸ்பென்ஷன்: காசு வீணாகும் இடங்கள்

கார் வளைவில் அதிகமாகச் சாய்கிறது, எண்பதைத் தாண்டினால் ஸ்டியரிங் அலைபாய்கிறது என்றதும் பலர் நேரே போய் நிற்பது டயர் கடையில்தான். சக்கரத்தை வண்டியின் உடலோடு இணைக்கும் கீழ்க்கையான லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்த வண்டியில் எவ்வளவு நல்ல டயர் போட்டாலும் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே அதன் விளிம்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துவிடும். முதலில் அடிப்பகுதி வேலை, பிறகு டயர், கடைசியில் அலைன்மெண்ட், அதாவது சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்வது. இந்த வரிசை மாறினால் அதே வேலைக்கு இரண்டு தடவை காசு கொடுக்க வேண்டி வரும்.

2005-ல் இந்தியாவுக்கு வந்த முதல் தலைமுறை மாருதி ஸ்விஃப்டையே எடுத்துக்கொள்வோம். முன்னால் மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் (ஸ்பிரிங்கும், குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகச் சேர்ந்த தூண்), பின்னால் டார்ஷன் பீம் (இரு பின்சக்கரங்களையும் இணைக்கும் தண்டு). எளிமையான அமைப்பு, புதிதில் வளைவுகளை அழகாகப் பிடித்துப் போன வண்டி. அந்தப் பிடிப்பு குறைந்ததும், “ஷாக் போயிடுச்சு சார், நாலையும் மாத்திடலாம்” என்பார்கள். எண்ணெய் கசிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும். ஆனால் இத்தனை வருட வெயிலிலும் குழியிலும் முதலில் சாவது ரப்பர். வண்டியை லிஃப்டில் ஏற்றச் சொல்லி, டார்ச் அடித்து லோயர் ஆர்மின் பின்பக்கப் புஷ்ஷைப் பாருங்கள். ஒரு கம்பியை வைத்து நெம்பினால் ரப்பரில் விரிசல் வாய் பிளப்பது கண்ணுக்கே தெரியும். அடிப்பகுதியின் மூட்டுகளான பால் ஜாயிண்ட், ஸ்டெபிலைசர் லிங்க், டை ராட் எண்ட் ஆகியவற்றில் ஆட்டம் இருக்கிறதா என்றும் அப்போதே பார்த்துவிடலாம். இவற்றை விட்டுவிட்டு ஷாக் மட்டும் மாற்றினால் குழியில் விழும்போது வித்தியாசம் தெரியும், ஸ்டியரிங் மட்டும் அப்படியே தொளதொளவென்று இருக்கும்.

ஸ்ட்ரட்டைக் கழற்றும்போதே மேல் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப் (ஷாக் முழுசாக அமுங்கும்போது தாங்கும் ரப்பர்), தூசிக் கவர் எல்லாவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். மிச்சம் பிடிக்கலாம் என்று பழைய மவுண்டையே திரும்பப் போட்டால், பிறகு ஸ்டியரிங்கைத் திருப்பும்போது டொக் டொக் என்று சத்தம் வரும். கூலி மறுபடியும் முழுசாக ஆகும். ஷாக்கை ஒரு பக்கம் மட்டும் மாற்றவே கூடாது. முன்னால் என்றால் இரண்டு, பின்னால் என்றால் இரண்டு.

அதிகம் பேசப்படாத தவறு ஒன்று உண்டு. வண்டி லிஃப்டில், சக்கரம் அந்தரத்தில் தொங்கும் நிலையிலேயே புஷ் போல்ட்டுகளை முழு இறுக்கமாக முடுக்கிவிடுகிறார்கள். பல புஷ்களில் ரப்பர் முறுக்கிக் கொடுத்துத்தான் ஆர்ம் அசைகிறது. தொங்கும் நிலையில் இறுக்கினால், வண்டி தரையில் நிற்கும்போதே ரப்பர் முறுக்கேறிக் கிடக்கும். புதுப் புஷ் சீக்கிரமே கிழிவதற்குப் பாதிக் காரணம் இதுதான் என்பேன். மேலே இருக்கும்போது போல்ட்டைப் பிடிக்க வைத்துவிட்டு, வண்டியின் எடை சக்கரத்தில் இறங்கிய பிறகே இறுதியாக இறுக்க வேண்டும். வெட்கப்படாமல் பக்கத்தில் நின்று கேளுங்கள்.

ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்துவது ஆபத்து. ஷாக் அசைய வேண்டிய தூரம் குறைந்து, வேகத்தடைதோறும் பம்ப் ஸ்டாப்பில் இடிக்கும். தொய்ந்த ஸ்பிரிங்கின் சுருள்களுக்கு இடையே ரப்பர் பஃபர் செருகுவதும் தீர்வல்ல. அந்தக் காசைப் புது ஸ்பிரிங்குக்குச் சேர்த்து வையுங்கள்.

இனி டயர். இந்த ஸ்விஃப்டின் கீழ் ரகத்தில் 165/80 ஆர்14 (அகலம் 165 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்), உயர் ரகத்தில் 185/70 ஆர்14. இரண்டின் வெளி விட்டமும் ஏறத்தாழ 615 முதல் 620 மி.மீ. என்பதால், ரிம்மின் அகலம் ஒத்துவந்தால் முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குப் போவது நியாயமான மாற்றம். கம்பீரமாக இருக்கட்டும் என்று 205/65 ஆர்15 போட்டால் விட்டம் 647 மி.மீ. ஆகிவிடும். ஸ்பீடோமீட்டர் முன்பைவிடச் சுமார் ஐந்து சதவீதம் குறைத்துக் காட்டும், ஸ்டியரிங் கனக்கும், முழுசாகத் திருப்பினால் உள்ளே உரசவும் வாய்ப்புண்டு. பக்கச்சுவரில் உள்ள நான்கு இலக்க எண்ணையும் பாருங்கள்: 2319 என்றால் 2019-ன் 23-வது வாரத்தில் செய்த டயர். கடை மூலையில் வருடக்கணக்கில் கிடந்ததைத் தள்ளுபடி என்று தலையில் கட்டினால் வாங்காதீர்கள்.

இரண்டு டயர் மட்டும் வாங்கினால் முன்னால் போடுவதுதான் நம் ஊர் வழக்கம். முன்சக்கரம்தானே இழுக்கிறது என்பார்கள். ஆனால் புது ஜோடி பின்னால்தான் போக வேண்டும். வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளில் மழையில் இறங்கும்போது முன்டயர் வழுக்கினால் வண்டி நேராக ஓடப் பார்க்கும். ஆக்சிலரேட்டரை விட்டால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பும். பின்டயர் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். பழகிய ஓட்டுநருக்கும் அதை மீட்பது கடினம். முன்னால் இருக்கும் பழைய ஜோடியின் பள்ள ஆழம் தேய்மானக் குறியான 1.6 மி.மீ.-ஐ நெருங்கிவிட்டதென்றால் நாலையும் மாற்றிவிடுங்கள்.

காற்றழுத்தம் டயர் சூடேறும் முன் பார்க்க வேண்டும். அளவு கார்க் கதவருகே உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். பக்கச்சுவரில் அச்சிட்டிருப்பது அதிகபட்ச அளவு, அதை நிரப்பாதீர்கள்.

அலைன்மெண்ட் முடிந்ததும் “ஓகே சார்” என்ற வாய்வார்த்தை போதாது. வேலைக்கு முன்பும் பிறகும் எடுத்த அளவுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். ஸ்விஃப்டில் வழக்கமாகத் திருகிச் சரிசெய்வது முன்சக்கர டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) மட்டுமே. பின்சக்கர அளவு சிவப்பில், அதாவது வரம்பு தாண்டி வந்தால் அதைத் திருத்த அங்கே திருகு எதுவும் கிடையாது. பீம் வளைந்திருக்கிறதா, அதன் புஷ் நசுங்கியிருக்கிறதா என்று பார்த்த பிறகே வண்டியை வெளியே எடுங்கள்.