யார் துவைப்பார் என்று கேட்டுவிட்டு நூல் வாங்குங்கள்

ஊசியைக் கையில் எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும். இந்தத் தொப்பியை யார் துவைப்பார், எங்கே காயப்போடுவார்? நிறமும் டிசைனும் அதற்குப் பிறகுதான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி, பெப்ரவரி விடியற்காலைகளில் தேயிலைக் கொழுந்தின் மேலேயே உறைபனி படியும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்த பிள்ளைக்குக் கையால் பின்னிய தொப்பியைவிட நல்ல பரிசு கிடையாது. ஆனாலும் பாடுபட்டுப் பின்னிய பல தொப்பிகள் இரண்டாம் துவையலோடு பெட்டிக்குள் போய்விடுகின்றன. பெரும்பாலும் பின்னல் நன்றாகத்தான் இருக்கும், நூல்தான் அந்த வீட்டுக்குப் பொருந்தாததாக இருக்கும்.

மூன்று நூல், மூன்று குணம்

ஆட்டுக் கம்பளியின் ஒவ்வொரு மயிரிலும் மீன் செதில் போல நுண்ணிய செதில்கள் இருக்கின்றன. சூடான தண்ணீர், சவர்க்காரம், உராய்வு மூன்றும் சேர்ந்தால் அந்தச் செதில்கள் ஒன்றையொன்று கவ்விக்கொள்ளும், பிறகு விடாது. பீலிக்கரைக் கல்லில் கும்மித் துவைத்த கம்பளித் தொப்பி சுருங்கித் தடித்து, பொம்மைக்குப் போடுகிற அளவுக்கு வந்துவிடும். இழுத்து விரித்தாலும் பழைய அளவு திரும்பாது. ஆனால் கம்பளிக்கு இருக்கும் நன்மை வேறெதற்கும் இல்லை. தன் எடையில் ஏறக்குறைய 30 சதவீதம் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டும் தொட்டால் நனைந்த உணர்வைத் தராது. மப்பும் மூடுபனியுமாக இருக்கும் நாட்களில் உடம்பை விட்டுக் கதகதப்பு போகாது. முன்பு கொழுந்தெடுக்கும் பெண்கள் மழையில் தலைமேல் கம்பளி போட்டுக்கொண்டதும் இதனால்தான். ‘சூப்பர்வாஷ்’ என்று லேபலில் போட்டிருந்தால் செதிலை அடக்கிவிட்ட கம்பளி என்று அர்த்தம். அது சுருங்காது. ஆனால் நனைந்ததும் நீளும், தொங்கவிட்டால் இன்னும் நீளும்.

அக்ரிலிக் நூல் எந்தத் துவையலையும் தாங்கும், சீக்கிரம் காயும், விலையும் குறைவு. தினமும் துவைக்க வேண்டிய கைக்குழந்தை உடுப்புக்கு மெல்லிய பேபி அக்ரிலிக்தான் சரி. அதற்கு எதிரி சூடு. அயன் பெட்டி ஒரு தடவை பட்டாலே பின்னலின் துள்ளல் செத்துப்போய்த் துணி தொய்ந்துவிடும், அதை மீட்க வழியில்லை. தீப்பொறி விழுந்தால் உருகித் தோலில் ஒட்டும். ஆகவே விறகடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து குளிர்காயும் தாத்தாவுக்கு மப்ளர் பின்னுவதென்றால் அக்ரிலிக் வேண்டாம். கம்பளி பொறி பட்டால் கருகும், பொறியை எடுத்ததும் தானாகவே அணைந்துவிடும்.

பருத்தி நூலை மலைநாட்டுக் குளிருடுப்புக்கு நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். அது கனக்கும், ஈரத்தைப் பிடித்துவைத்துக் குளிரூட்டும், மழை மாதத்தில் இரண்டு மூன்று நாள் காயாமல் கிடந்து நாறும். கொழும்பிலோ யாழ்ப்பாணத்திலோ பிறந்த பிள்ளைக்கு அனுப்புவதென்றால் பருத்திதான் நல்லது.

லேபல் இல்லாத பந்து கிடைத்தால் ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, இடுக்கியால் பிடித்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். பக்கத்தில் தண்ணீர் இருக்கட்டும். முடி கருகும் வாடையும் நொறுங்கும் கரியும் வந்தால் கம்பளி. கடதாசி எரியும் வாடையும் மென்மையான சாம்பலும் வந்தால் பருத்தி. உருகிக் கறுத்து மணிபோல இறுகினால் அக்ரிலிக் அல்லது வேறு செயற்கை நூல். இரண்டு வாடையும் கலந்து வந்தால் அது கலப்பு நூல், அதைக் கம்பளியாக நினைத்தே துவையுங்கள்.

ஊசி நம்பர் செய்யும் குழப்பம்

வீட்டில் பழைய ஊசிகள் இருந்தால் அவற்றின் தலையில் இருப்பது பெரும்பாலும் பழைய பிரித்தானிய நம்பர். அதில் நம்பர் கூடக்கூட ஊசி மெலியும். 8 என்றால் 4 மி.மீ., 10 என்றால் 3.25 மி.மீ., 6 என்றால் 5 மி.மீ. அமெரிக்க நம்பர் இதற்குத் தலைகீழ். அங்கே 8 என்றால் 5 மி.மீ., 6 என்றால் 4 மி.மீ. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் பெட்டர்னைப் பார்த்து நம் ஊர் 8ஆம் நம்பர் ஊசியில் பின்னினால் தொப்பி தேங்காய்க்குக்கூடப் போடமுடியாத அளவில் வரும். அந்தப் பெட்டர்ன்களில் வரும் ‘வொர்ஸ்டட்’ நூலும் நாம் டி.கே. என்று வாங்கும் 8 பிளை நூலைவிடத் தடிப்பு. நம்பரை நம்பாமல் மில்லிமீற்றரை மட்டும் பாருங்கள்.

மாதிரித் துண்டு

இதைத் தவிர்ப்பவர்கள்தான் அதிகம். 4 மி.மீ. ஊசியில் 30 கண்ணி (ஊசியில் ஏறும் நூல் வளையம்) ஏற்றி, ஒரு வரி நிட் (நூலைப் பின்னால் வைத்துப் பின்னுவது), ஒரு வரி பர்ல் (நூலை முன்னால் வைத்துப் பின்னுவது) என்று 40 வரி பின்னி முடியுங்கள். பிறகு அந்தத் துண்டை, பரிசு போகும் வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படியே துவையுங்கள். காய்ந்த பிறகு ஓரங்களை விட்டு நடுவில் 10 செ.மீ. அகலத்தில் எத்தனை கண்ணி என்று எண்ணுங்கள். டி.கே. நூலில் 22 கண்ணி வர வேண்டும்.

24 வந்தால் உங்கள் கை இறுக்கம், 4.5 மி.மீ. ஊசிக்கு மாறுங்கள். 20 வந்தால் கை தளர்வு, 3.75 மி.மீ. எடுங்கள். இரண்டு கண்ணிதானே என்று விடாதீர்கள். 72 கண்ணித் தொப்பி 24 கண்ணிக் கணக்கில் 30 செ.மீ. வரும், 20 கண்ணிக் கணக்கில் 36 செ.மீ. வரும். ஒன்று பிள்ளையின் நெற்றியில் தழும்பு பதிக்கும், மற்றது கண்ணை மூடும்.

பிறந்த பிள்ளைக்குத் தொப்பி

டி.கே. நூல் 50 கிராம் பந்து ஒன்று போதும். தொப்பிக்கு 25 முதல் 30 கிராம் போகும், மிச்சம் மாதிரித் துண்டுக்கு. 3.25 மி.மீ. ஊசி ஒரு சோடி, 4 மி.மீ. ஊசி ஒரு சோடி, முனை மழுங்கிய கம்பளித் தையல் ஊசி ஒன்று.

4 மி.மீ. ஊசியில் 72 கண்ணி ஏற்றுங்கள். ஏற்றும்போது இரண்டு ஊசியையும் சேர்த்துப் பிடித்து ஏற்றிவிட்டு ஒன்றை உருவினால் விளிம்பு இளகி இருக்கும். விளிம்பு இறுகினால் மேலே எவ்வளவு நன்றாகப் பின்னியும் பயனில்லை, தொப்பி தலையில் ஏறாது.

3.25 மி.மீ. ஊசிக்கு மாறி, ஒவ்வொரு வரியும் 2 நிட், 2 பர்ல் என்று 3 செ.மீ. பின்னுங்கள். சுமார் 10 வரி வரும். பிறகு 4 மி.மீ. ஊசியில் நேர்ப்பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று, தொடக்கத்திலிருந்து 9 செ.மீ. வரும்வரை போய், பர்ல் வரியில் நிறுத்துங்கள்.

இனி உச்சி. முதல் குறைப்பு வரியில் 7 நிட், அடுத்த 2 கண்ணியைச் சேர்த்து ஒரு நிட். இதையே எட்டு முறை செய்தால் 64 கண்ணி மிஞ்சும். அடுத்த வரி முழுக்கப் பர்ல். அடுத்த குறைப்பில் 6 நிட், 2 சேர்த்து. அதற்கடுத்ததில் 5 நிட், 2 சேர்த்து. இப்படி ஒவ்வொரு குறைப்பு வரியிலும் 8 கண்ணி கழியும், இடையிடையே ஒரு பர்ல் வரி வரும். எட்டாவது குறைப்பு முடியும்போது ஊசியில் 8 கண்ணி இருக்க வேண்டும். ஒவ்வொரு குறைப்புக்குப் பிறகும் எண்ணுங்கள். 64, 56, 48, 40, 32, 24, 16, 8. எண் தப்பினால் அந்த வரியிலேயே பிரித்துச் சரிசெய்வது சுலபம்.

நூலை 30 செ.மீ. விட்டு வெட்டி, அந்த எட்டுக் கண்ணிக்குள்ளும் இரண்டு முறை ஓட்டி இறுக்குங்கள். அதே நூலால் பக்கத்தைத் தையுங்கள். தையலில் இரு பக்கமும் ஒவ்வொரு கண்ணி மறைவதால் சுற்றளவு 32 செ.மீ. அளவில் நிற்கும். பிறந்த பிள்ளையின் தலை சுமார் 35 செ.மீ. அந்த 3 செ.மீ. குறைவுதான் தொப்பியைப் பிடித்து நிறுத்துகிறது.

ஆறு மாதப் பிள்ளைக்கு 88 கண்ணி ஏற்றி, 11 செ.மீ. வரை நேராகப் பின்னி, 9 நிட், 2 சேர்த்து என்று குறைப்பைத் தொடங்குங்கள். 50 கிராம் பந்திலேயே முடியும்.

கைக்குழந்தைக்கு நாடா, பொத்தான், குஞ்சம் எதுவும் வேண்டாம். நாடா கழுத்தில் சுற்றும், பொத்தான் வாய்க்குப் போகும். தூங்கப் போடும்போது தொப்பியைக் கழற்றிவிட வேண்டும் என்று பரிசோடு சேர்த்தே சொல்லுங்கள், நழுவினால் மூக்கை மூடிவிடும். காலுறை, கையுறை பின்னுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். இரண்டு நிறம் கலந்து பின்னும்போது உள்ளே குறுக்காக ஓடும் நூலில் பிள்ளையின் விரல் மாட்டினால் இரத்த ஓட்டம் நின்றுவிடும். உடம்பு முழுக்க ஒரே நிறமாக இருக்கட்டும். அலங்காரம் வேண்டுமென்றால் விளிம்பில் கோடாக வைக்கலாம். மயிர் உதிரும் புசுபுசு நூலும் கைக்குழந்தைக்கு ஆகாது.

மப்ளர் ஏன் சுருள்கிறது

நேர்ப்பக்கம் நிட், மறுபக்கம் பர்ல் என்று பின்னிய துணியில் இரு பக்கத்து இழுவையும் ஒன்றல்ல. அதனால் ஓரம் பின்பக்கமாகச் சுருண்டு, மப்ளர் குழாய் போலாகிவிடும். அயன் செய்தாலும் நிற்காது, அக்ரிலிக் என்றால் பின்னலே செத்துவிடும். எல்லா வரியும் நிட் போடுங்கள். 4.5 மி.மீ. ஊசியில் 40 கண்ணி, 150 செ.மீ. நீளம், 200 கிராம் நூல். தேயிலை மலையில் வேலை செய்பவருக்கு என்றால் ஓட்டை வைத்த பின்னல் வேண்டாம், வாதில் மாட்டி இழைபடும்.

பழைய சுவெட்டரைப் பிரித்தல்

நல்ல கம்பளி நூல் மலிவாகக் கிடைக்க இதுதான் வழி. வாங்கும் முன் சுவெட்டரை உட்புறம் திருப்பிப் பக்கத் தையலைப் பாருங்கள். ஓரம் சங்கிலி போல ஒழுங்காக ஓடி, தையல் தனியாகத் தெரிந்தால் பிரியும். ஓரத்தை வெட்டி ஓவர்லொக் அடித்திருந்தால் ஒவ்வொரு வரியும் தனித்தனித் துண்டாக வரும், வாங்காதீர்கள். கண்ணிகள் தெரியாமல் தடித்துப்போனதும் பிரியாது.

தையலை அவிழ்த்து, மேலிருந்து கீழாகப் பிரித்து, கதிரையின் முதுகில் சுற்றுங்கள். நான்கு இடத்தில் தளர்வாகக் கட்டி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, துவாயில் சுருட்டி அழுத்தி, நிழலில் தொங்கவிடுங்கள். நெளிவு போகும். நெளிவோடு பின்னினால் கண்ணி எண்ணிக்கை பொய் சொல்லும்.

பின்னும்போது வரும் கோளாறுகள்

வரிக்கு வரி ஓரத்தில் கண்ணி கூடுகிறதா? வரியின் தொடக்கத்தில் நூல் ஊசிக்கு மேலாகப் பின்னால் போயிருக்கிறது. அப்படி இழுபடும்போது முதல் கண்ணியின் இரண்டு காலும் மேலே ஏறி, இரண்டு கண்ணி போலத் தோன்றும். இரண்டையும் தனித்தனியாகப் பின்னிவிடுகிறோம். ஊசியைத் திருப்பியதும் நூலை ஊசிக்குக் கீழே, முன்பக்கமாக இழுத்துப் பாருங்கள், ஒரே கண்ணியாக அடங்கும். அதன் பிறகு நூலைப் பின்னே கொண்டுபோய் நிட் போடுங்கள்.

ஒரே நிறம் என்று வாங்கிய இரண்டு பந்து பகல் வெளிச்சத்தில் வேறுபடுவதற்குச் சாயத் தொகுதி வேறாக இருப்பதே காரணம். லேபலில் நிற எண்ணுக்குப் பக்கத்தில் இருக்கும் தொகுதி எண்ணைப் பார்த்து, தேவையானதை ஒரே தடவையில் வாங்குங்கள். தவறிவிட்டால் இரண்டு வரி ஒரு பந்து, இரண்டு வரி மற்றப் பந்து என்று மாற்றி மாற்றிப் பின்னினால் கோடு தெரியாது.

சிவப்பையும் வெள்ளையையும் சேர்க்கும் முன், சிவப்பு நூலை நனைத்து வெள்ளைத் துணியில் சுற்றி ஒரு இரவு வையுங்கள். கறை பிடித்தால் அந்தச் சோடி வேண்டாம். உப்பிலோ வினாகிரியிலோ ஊறவைத்தால் நின்றுவிடும் என்பதை நம்பாதீர்கள். கறுப்பு நூலை இரவில் பின்னுவதென்றால் மடியில் வெள்ளைத் துணி விரித்துக்கொள்ளுங்கள், கண்ணி தெரியும்.

காயவைத்துக் கொடுத்தல்

அட்டன், தலவாக்கலை, நுவரெலியாப் பக்கத்தில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அந்த மாதங்களில் பதுளை, அப்புத்தளைப் பக்கம் காய்ந்த காற்று வீசும். மழைப் பக்கத்தில் இருப்பவர்கள் காலையிலேயே துவைத்து, துவாயில் சுருட்டி மிதித்து ஈரத்தை எடுத்து, சல்லடைத் தட்டிலோ முறத்திலோ கிடையாக விரித்துக் காயப்போடுங்கள். கொடியில் தொங்கவிட்டால் கம்பளி நீளும். அடுப்புக்கு மேல் போட்டால் புகை வாடை ஏறும், குழந்தை உடுப்பில் அது போகவே போகாது.

முழுக்கக் காய்ந்த பிறகே பொதி செய்யுங்கள், உள்ளே ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். பொதிக்குள் ஒரு சிறு கடதாசியில் நூலின் வகையையும் துவைக்கும் முறையையும் எழுதி வையுங்கள். ‘கம்பளி. பச்சைத் தண்ணீரில் ஊறவிட்டுப் பிழியாமல் அமுக்கவும். கல்லில் போட வேண்டாம்.’ இவ்வளவு போதும். அதோடு மூன்று நான்கு மீற்றர் மிச்ச நூலையும் சுருட்டி வைத்துவிடுங்கள், விளிம்பு பிய்ந்தால் தைப்பதற்கு அதே நிறம் பிறகு கடையில் கிடைக்காது.