குறிஞ்சிச் சரிவிலிருந்து சீகையை அகற்றுவது எப்படி

நீலக்குறிஞ்சிக்கு நிழல் ஆகாது. சுமார் 1,300 முதல் 2,400 மீட்டர் வரையான உயரத்தில், வெயிலும் காற்றும் நேராக அடிக்கும் புல்வெளிச் சரிவில்தான் அது செழிக்கும். தோல் பதனிடும் பட்டைக்காக அதே புல்வெளிகளில் நடப்பட்ட, ஆங்கிலத்தில் வாட்டில் எனப்படும் வெளிநாட்டுச் சீகை மரம், கொடைக்கானலிலும் நீலகிரியிலும் மூணாறைச் சுற்றியும் இன்று யாரும் நடாமலே பரவுகிறது. பெரும்பூப்பு 2018இல் வந்தது, அடுத்தது 2030இல். பூக்கும் ஆண்டில் காட்டும் அக்கறையை இடைப்பட்ட ஆண்டுகளில் காட்டாவிட்டால், சரிவு மரக்காடாகிப் பூக்கச் செடியே இருக்காது.

முதலில் அனுமதி. காப்புக்காட்டில் வனத்துறை அனுமதியின்றிக் கால் வைக்கக்கூடாது. பட்டா நிலமானாலும், தமிழ்நாட்டில் 1955ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்துகிறது. எனவே வனச்சரக அலுவலகத்தில் கேட்டுவிட்டே தொடங்குங்கள். நீலக்குறிஞ்சி வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் இருக்கிறது; அதைப் பிடுங்குவது குற்றம். ஆகவே கூட வருபவர்களுக்குச் செடியை அடையாளம் காட்டாமல் வேலையைத் தொடங்கவே கூடாது. சீகைக் கன்றின் இலை இறகுபோல் மிக நுண்ணிய சிற்றிலைகளாகப் பிரிந்திருக்கும். குறிஞ்சியிலை பிளவுபடாதது, எதிரெதிராக அமைந்து, ஓரம் பல்பல்லாக, நரம்புகள் அழுந்தியிருக்கும். சந்தேகம் வந்தால் கை வைக்க வேண்டாம்.

அடர்ந்த சீகைத் தோப்பிலிருந்து தொடங்குவதுதான் பலரும் செய்யும் தவறு. சீகை விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். தோப்பை ஒரேயடியாக வெட்டினால் வெயில் பட்ட மண்ணிலிருந்து கன்றுகள் கம்பளம்போல் எழும்பும். வெட்டியதை அங்கேயே எரித்தால் இன்னும் மோசம்: சூட்டில் விதையின் கெட்டித் தோல் வெடித்து முளைப்பு பெருகும். அதோடு பழைய தோப்புகளின் நிழலில் பல இடங்களில் சோலைக்காட்டின் பூர்வீக மரக்கன்றுகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. அவற்றைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. நல்ல புல்லும் குறிஞ்சியும் நிறைந்த பகுதியில் தனித்தனியாக முளைத்திருக்கும் கன்றுகளை முதலில் எடுங்கள். அங்கிருந்து தோப்பின் ஓரம் நோக்கிப் படிப்படியாக நகருங்கள்.

மழை பெய்து மண் ஊறிய நாட்களே பிடுங்க ஏற்றவை. கட்டைவிரல் பருமன் வரையுள்ள கன்றை அடித்தண்டில் பிடித்து நேர்மேலாக இழுத்தால் ஆணிவேரோடு வந்துவிடும். காய்ந்த மண்ணில் இழுத்தால் தண்டு முறிந்து அடியிலிருந்து மறுபடி துளிர்க்கும். மண்வெட்டியால் கொத்தவே வேண்டாம். புதைந்து கிடக்கும் விதையை நாமே மேலே கொண்டுவந்ததாகிவிடும். பிடுங்கிய குழியைக் காலால் மிதித்து மூடுங்கள்.

பெரிய மரத்துக்குப் பட்டை உரித்தல் நல்ல வழி. தரைமட்டத்திலிருந்து முக்கால் முதல் ஒரு மீட்டர் உயரம் வரை, சுற்றிலும் வெள்ளைக் கட்டை தெரியும்படி உரிக்க வேண்டும். ஒரு விரல் அகலப் பட்டை விட்டுப்போனாலும் அதன் வழியே சத்து இறங்கி மரம் பிழைத்துக்கொள்ளும். மரம் நின்றபடியே மெல்லக் காய்வதால் மண் திடீரென வெயிலுக்குத் திறப்பதில்லை, மரம் விழுந்து செடிகள் நசுங்குவதும் இல்லை. பாதையோர மரங்களை மட்டும், பட்ட மரம் ஆள்மேல் விழக்கூடும் என்பதால், தரையொட்டி வெட்டிவிடலாம். ஒரு எச்சரிக்கை: இலை வெள்ளி பூத்த நிறமாக இருக்கும் சீகை வகை வேரிலிருந்தே துளிர் விடும். அதை வெட்டினால் ஒன்று பத்தாகும். வனத்துறையின் வழிகாட்டல் இல்லாமல் தொடாதீர்கள்.

காய் பிடித்த கிளைகளைச் சாக்கில் கட்டி வெளியேற்றுங்கள். மற்றவற்றைப் புல்மேல் குவிக்காமல் தோப்பின் ஓரத்திலேயே போடுங்கள். இறங்கும் முன் காலணி மண்ணைத் தட்டிவிடுவதும் வேலையில் ஒரு பகுதிதான்.

வெற்றிடமான திட்டில் அதே மலையின் பூர்வீகப் புல்லைத் தூர் பிரித்து மழைக்காலத்தில் நடலாம். தூருக்கு ஐந்தாறு தண்டு, இலையை ஒரு சாண் உயரத்துக்கு நறுக்கி, ஓரடி இடைவெளி. மண்ணரிப்பைத் தடுக்கிறதே என்று கிக்கியு என்னும் வெளிநாட்டுப் படர்புல்லைக் கொண்டுவந்தால் அது மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். புல்வெளியில் மரக்கன்று நடுவதும் வேண்டாம், எவ்வளவு நல்ல எண்ணமாக இருந்தாலும்.

குறிஞ்சி பூத்து, காய்த்து, மடியும். காய்ந்து நிற்கும் புதரைக் குப்பை என்று அகற்றிவிடாதீர்கள்; அடுத்த தலைமுறை விதை அதில்தான் இருக்கிறது. அந்த விதை தாய்ச்செடியின் அருகிலேயே விழுகிறது, தொலைதூரம் போவதில்லை. ஒரு சரிவில் செடி அழிந்தால் தானாகத் திரும்புவது அரிது என்பதற்கு இதுவே காரணம்.

எடுத்த இடத்துக்கு ஆண்டுக்கு இரண்டு முறையாவது திரும்பப் போய், முளைத்த கன்றுகளைப் பிடுங்க வேண்டும். பல ஆண்டுகளுக்கு இது ஓயாது. ஒவ்வொரு சரிவுக்கும் தனிக் குறிப்பேடு வையுங்கள்: எடுத்த கன்றுகளின் எண்ணிக்கை, குறிஞ்சி நிற்கும் இடம், பூத்த ஆண்டு. இடுக்கியில் சாந்தன்பாறை அருகே கள்ளிப்பாறையில் 2022இல் பூத்ததுபோல, எல்லாச் சரிவும் ஒரே ஆண்டில் பூப்பதில்லை. உங்கள் சரிவின் கணக்கு உங்கள் குறிப்பேட்டில்தான் கிடைக்கும்.